இடது பக்கத்துச் சேதி

"மேடம், நீங்க பின்னால உக்காந்துக்குங்க, காலை நல்லா நீட்டிக்கலாம்"னு ஷாஜகான் கதவைத் திறந்து விட்டதுமே நான் முன்சீட்டைத்தான் பாத்தேன். மரியாதைக்குத்தான் சொல்றார். ஷோரூம்காரங்க எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாங்க போல, சார் ஓட்டுவார், பக்கத்துல நாங்க உக்காந்து பட்டனெல்லாம் சொல்லித் தருவோம், மேடத்துக்குப் பின்சீட்டு, ஏசி காத்து பின்னாலயும் வரும் மேடம், கப் வெக்க இடம் இருக்குது மேடம். கப்பை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண. எனக்கு வேண்டியது அந்த முன்சீட்டு, வண்டி ஓட்டற எங்க வீட்டுக்காரருக்கு இடது பக்கத்துல இருக்கிற முன்சீட்டு, அங்க ஷாஜகான் கழுத்துல அட்டையோட உக்காந்து பெல்ட்டையும் போட்டாச்சு. இவரு பட்டனை அழுத்தினாரு. ஒரு சத்தமும் இல்ல. "ஸ்டார்ட் ஆயிருச்சுங்களா?"ன்னாரு. "ஆயிருச்சு நாச்சிமுத்து சார், ஹைபிரிட் இல்லீங்களா, மெதுவாப் போறப்ப பேட்டரியில போகும், வேகம் எடுத்தா பெட்ரோல் இன்ஜின் தானா வந்து சேந்துக்கும், நீங்க ஒண்ணுமே பண்ண வேண்டாம்." ஒண்ணுமே பண்ண வேண்டாமாம். வண்டிக்குள்ள இருக்கறதை வண்டி பாத்துக்கும், சரி, வண்டிக்கு வெளிய இருக்கறதை யாரு பாத்துக்கறது. ஷோரூம் வாசல்ல இருந்து அவினாசி ரோட்டுல இறங்கறதுக்கு எனக்குப் பயமில்ல, அங்க வர்ற வண்டியெல்லாம் வலது பக்கத்துல இருந்து வருது, அந்தக் கண்ணுல இன்னும் ஊசியில நூல் கோத்துருவாரு. இடது கண்ணுதான் போச்சு.

போச்சுன்னு நான் சொல்றேன். இவரு சொல்ல மாட்டாரு. கண்ணாஸ்பத்திரி டாக்டரம்மா பக்குவமாத்தான் சொன்னாங்க, கண்ணுக்குள்ள நீரழுத்தம், நரம்பு காஞ்சிருச்சு, இருக்கறதைக் காப்பாத்திக்கலாம், போனது வராது. அந்தப் பரிசோதனையில ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள்ள மூஞ்சியை வெச்சு, வெளிச்சப் புள்ளி தெரியறப்பல்லாம் கையில இருக்கிற பட்டனை அழுத்தச் சொல்லுவாங்க. இடது கண்ணுக்கு இவரு பாட்டுக்கு டிக்கு டிக்குன்னு அழுத்திட்டே இருந்திருக்காரு, புள்ளி வராத நேரத்துலயும். டாக்டரம்மா அதைப் பாத்துச் சிரிச்சுட்டாங்க, "சார், மெஷினை ஏமாத்த முடியாதுங்க." அப்புறம் சிரிக்காம, வண்டி ஓட்டறதை நிறுத்திருங்க, டவுனுக்குள்ள வேண்டவே வேண்டாம்னாங்க. இவரு "சரிங்க"ன்னாரு. அத்தனை நல்லபிள்ளையா "சரிங்க"ன்னு சொல்லிட்டு, வெளிய வந்து நேராப் போய் ஸ்டியரிங்குப் பின்னால உக்காந்துட்டு, "காப்பி குடிச்சுட்டுப் போலாமா வசந்தா?"ன்னாரு. அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுது. நானும் விட்டுட்டேன். எப்படிப் பேசறது? முப்பது வருஷம் தண்ணி மோட்டார் விக்கறதுக்குன்னே ரோட்டுல கெடந்த மனுசன். பொள்ளாச்சியில இருந்து தாராபுரம் வரைக்கும் எந்தத் தோட்டத்துக்கு எந்த வண்டித்தடத்துல திரும்போணும்னு போர்டு பாக்காமச் சொல்லுவாரு. வீட்டுல ஒரு ஆணி அடிக்கத் தெரியாது, ஒரு கல்யாணத்துல நாலு பேரோட நின்னு பேசத் தெரியாது, வண்டியில உக்காந்துட்டா மட்டும் முதுகு நிமிந்துக்கும், தொண்டைகூட வேற தொண்டையாயிரும். அதைப் போய் விடுங்கன்னு சொல்றதுக்கு எனக்கு நாக்கு வரலை. இன்னிக்கும் வரலை. இன்னிக்குச் சொல்லாட்டி புது வண்டி புக் ஆயிரும், புது வண்டி வந்துட்டா இவரு இன்னும் பத்து வருஷத்துக்கு ஓட்டறதா முடிவு பண்ணிட்டாருன்னு அர்த்தம். அதுக்கு முன்னால சொல்லியாகோணும். ஷோரூமுக்கு வர்ற வழியெல்லாம் இதையேதான் உருட்டிக்கிட்டு வந்தேன்.

"ஸ்மூத்தா இருக்குதுங்களா சார்?" இருக்குது, இருக்குது. பழைய வண்டியில ஏசி பெல்ட்டு கீச்சு கீச்சுன்னு கத்தும், கண்ணாடி கடகடங்கும், அந்த இரைச்சலுக்குள்ள நான் என்ன பேசினாலும் எங்க ரெண்டு பேருக்குள்ளதான். அந்த வண்டியிலதான் எல்லாம் ஆரம்பிச்சுது. முதல்ல காப்பி டம்ளர். இடது பக்கம் வெச்சா கை தட்டிக் கொட்டிரும், நான் வலது பக்கம் வெக்க ஆரம்பிச்சேன். அப்புறம் எங்க வீட்டு கேட்டுத் தூணு. இடது பக்கக் கண்ணாடி அதுல ரெண்டு தடவை உரசுச்சு, "தூணு நகந்து வந்துருச்சுங்களா"ன்னு கேட்டேன், ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டாரு. அப்புறம் அந்தக் கொடைக்காரப் புள்ள. சாயிபாபா காலனியில, தூறல் போட்டுட்டு இருந்துச்சு, பள்ளிக்கூடம் விட்டு வந்த புள்ள செவப்புக் கொடையைப் புடிச்சுக்கிட்டு ஓரமாத்தான் நடந்துச்சு. எங்க வண்டிக் கண்ணாடி கொடைக் கம்பியில பட்டுச்சு. கொடை சுழண்டு ரோட்டுல போய் விழுந்துச்சு. புள்ளைக்கு ஒண்ணும் ஆகலை, சாமி, ஒண்ணும் ஆகலை, கொடையை எடுத்து உதறிட்டுப் போயிருச்சு. எனக்குத்தான் அன்னில இருந்து செவப்புல எதைப் பாத்தாலும் நெஞ்சு திக்குங்குது. இவரு வண்டியை ஓரங்கட்டினாரு. பின்னால பாக்கற கண்ணாடியைக் கொஞ்ச நேரம் பாத்தாரு. அப்புறம் கையை நீட்டி ரேடியோவை அணைச்சாரு. அன்னிக்கு அணைச்ச ரேடியோதான், அப்புறம் போடவே இல்ல. எம் மேல கோவமோ, ரோட்டு மேல கோவமோன்னு நெனச்சுக்கிட்டேன். மறுநாள்ல இருந்து நான் பேச ஆரம்பிச்சேன். "லெஃப்ட்ல பாருங்க"ன்னு ஒரு நாளும் சொன்னதில்ல, சொன்னா ரோஷம் பொத்துக்கிட்டு வந்துரும். ஊர்ப்பேச்சாச் சொல்லுவேன். "அந்தப் பொண்ணு ஸ்கூட்டரை எப்படி ஒட்டிக்கிட்டு வருது பாருங்க, துப்பட்டா சக்கரத்துல மாட்டப் போகுது." "பேக்கரி முன்னால என்ன இத்தனை கூட்டம், ரோடு வரைக்கும் வந்து டீ குடிக்கிறானுங்க." வண்டியில வாயைத் திறந்தாலே "தொணதொணங்காத வசந்தா, ஓட்டறனல்ல"ன்னு சள்ளுன்னு விழுந்த மனுசன், கேட்டுக்கிட்டே வந்தாரு. கொஞ்ச நாள்ல இடது பக்கம் திரும்பறதுக்கு முன்னால அவரே "அப்புறம்?"னு கேக்க ஆரம்பிச்சாரு. கதை கேக்கறவங்க கேப்பாங்கல்ல, அப்படி. நான் அந்தப் பக்கத்துச் சேதியைச் சொல்லுவேன். சொல்லி முடிச்சாத்தான் ஸ்டியரிங் திரும்பும். இது நாங்க உக்காந்து பேசி வெச்சுக்கிட்டது இல்ல. தெரிஞ்சுதான் கேக்கறாரா, இல்ல பழக்கதோஷத்துல கேக்கறாரா, அதுதான் எனக்குத் தெரியாது. தெரிஞ்சு கேட்டா ஒரு கணக்கு. தெரியாமக் கேட்டாருன்னா நான் ஒரு நாள் கூட வராதப்ப இந்த மனுசன் யாரு மேல கொண்டு போய் விடுவாருன்னு நெனச்சா எனக்குக் குளிரெடுக்குது.

"சார், அடுத்த லெஃப்ட் எடுத்தீங்கன்னா உள்ரோட்டுல ஒரு சுத்து சுத்திட்டு ஷோரூமுக்கே வந்துரலாம்." வந்துருச்சு. இவரு இண்டிகேட்டரைப் போட்டாரு. "அப்புறம்?"னாரு. ஷாஜகான் உடனே, "அப்புறம் சார், ஏர்பேக் ஆறு இருக்குது, பின்னால கேமரா இருக்குது, எட்டு வருஷம் பேட்டரிக்கு வாரண்டி"ன்னு அடுக்க ஆரம்பிச்சுட்டாரு. ஐயோ, உங்களைக் கேக்கலீங்க. இவரு தலை லேசாத் திரும்புது, பின்பக்கம், என் பக்கம். எனக்கு முன்னால ஷாஜகானோட தலையும் சீட்டோட தலையணையும்தான் தெரியுது, எட்டி, சன்னலோட கன்னத்தை ஒட்டி வெச்சுப் பாக்கறேன், "பேக்கரியில கூட்டமுங்க! ஒருத்தர் பைக்கைக் குறுக்க நிறுத்திட்டு பப்ஸ் திங்கறாரு! பின்னால ஒருத்தன் சர்ருன்னு வர்றான், போகட்டும், போயிட்டான்!" கத்திட்டேன். ஷாஜகான் பேச்சை நிறுத்திட்டுத் திரும்பி என்னைப் பாத்தாரு, மரியாதையாச் சிரிச்சாரு. "மேடம், பப்ஸ் வேணுங்களா, ஷோரூம்ல சொல்லி வாங்கிரலாம்." வண்டி திரும்பிருச்சு. எனக்கு மூஞ்சியெல்லாம் சுடுது. இவரு தோளைப் பாத்தேன், தோளு இறங்குச்சு. அப்ப மேடு வந்துச்சு, இன்ஜின் எங்கிருந்தோ உர்ருன்னு வந்து சேந்துக்கிச்சு, சத்தம் கேட்டதும் எனக்கு ஒரு தைரியம். அந்தச் சத்தத்துக்குள்ள ஒளிஞ்சுக்கலாம்.

ஷோரூம் வாசல்ல நிறுத்திட்டு ஷாஜகான் எலக்ட்ரிக் வண்டியை எடுத்துட்டு வரப் போனாரு. வேப்ப மரத்தடியில நாங்க ரெண்டு பேரும் நின்னோம். "ஹைபிரிட்டே போதும் வசந்தா, இன்னொண்ணை எதுக்கு ஓட்டிப் பாத்துக்கிட்டு"ன்னாரு. எங்க போனாலும் பெட்ரோல் பங்க் இருக்குது, கரண்ட்டை நம்பி நடுரோட்டுல நிக்க முடியாது, டவுன் நெரிசல்ல பேட்டரியில ஊந்து போயிரும், பழனிக்குப் போனா இன்ஜின்ல போயிரும். எல்லாம் நாயந்தான். மறுக்கறதுக்கு ஒண்ணுமில்ல. பெங்களூர்ல இருக்கிற மக மிருதுளாவும் அதையேதான் சொன்னா, "அம்மா, அப்பா திடீர்னு உடுமலை, பழனின்னு கிளம்புவாரு, ஹைபிரிட்தான் அவருக்கு சரி." அவளுக்குக் கண்ணு விசயம் தெரியாது. இவரு சொல்லக் கூடாதுன்னுட்டாரு, சொன்னா ஓடி வந்துருவா, வேலை கெடும். நான் மட்டும் எலக்ட்ரிக், எலக்ட்ரிக்னு சொல்லிட்டு இருக்கேன். காரணம் கேட்டா, வீட்டுலயே சார்ஜ் போட்டு வெச்சுக்கலாம், நம்ம ஓட்டமெல்லாம் வடவள்ளிக்கும் டவுன்ஹாலுக்கும்தானே, ஆயில் மாத்தற வேலை இல்லைன்னு சொல்லுவேன். அதெல்லாம் மேலுக்கு. உள்ளுக்குள்ள, எலக்ட்ரிக்கா இருந்தா இவரு தூரம் போக யோசிப்பாரு, ஊருக்குள்ளயே கெடப்பாருன்னு ஒரு நெனப்பு. ஆனா ஊருக்குள்ளதானே ஆபத்து! பழனி ரோட்டுல என்ன, காலியாக் கெடக்கும். பேக்கரியும் கொடைப் புள்ளையும் ஊருக்குள்ளதான். அப்ப ஹைபிரிட்டை வாங்கிக் குடுத்துப் பழனி ரோட்டுக்கே அனுப்பலாமா. அந்த ரோட்டுக்குப் போறதுக்கும் ஊரைத் தாண்டித்தானே போகோணும். இதுல இன்னொண்ணு, சத்தம். எங்க பழைய வண்டி வர்றது நாலு வீட்டுக்குக் கேக்கும், கொடைப் புள்ள அந்தச் சத்தத்துக்குத்தான் அரை அடி ஒதுங்குச்சோ என்னமோ. பாக்காத கண்ணு, சத்தமில்லாத வண்டி, ரெண்டும் சேந்தா? ஹைபிரிட்டும் மெதுவாப் போறப்ப ஊமைதான், இப்பத்தான் பாத்தேன். அப்ப எதை எடுத்தாலும் ஒண்ணுதான், வண்டியில இல்ல விசயம். எங்க சுத்தினாலும் அங்கயே வந்து நிக்குது. "என்ன யோசனை?"ன்னாரு. சொல்லிரு வசந்தாமணி, இப்பச் சொல்லிரு, யாரும் இல்ல, மரத்தடி. "ஒண்ணுமில்லீங்க, வெயிலு"ன்னேன். அவரு மூக்குக் கண்ணாடியைக் கழட்டிச் சட்டையில துடைச்சாரு. இடது பக்கத்துக் கண்ணாடியை ரொம்ப நேரம் துடைச்சாரு. அதைப் பாக்க எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு.

எலக்ட்ரிக் வந்துச்சு. வந்ததே தெரியலை, திரும்பிப் பாத்தா பக்கத்துல நிக்குது. "நான் முன்னால உக்காந்துக்கறனுங்க"ன்னு கேட்டுட்டேன். ஷாஜகானுக்குச் சங்கடம். "மேடம், டெஸ்ட் டிரைவ்ல எங்க ஆளு முன்னால இருக்கோணும்னு ரூலுங்க. மானேஜர் பாத்தார்னா என்னையத்தான் கேப்பாரு." இவரு, "அட, உக்காரு வசந்தா பின்னால, அஞ்சு நிமிசம்"னாரு. எங்கிட்ட அதட்டலாச் சொன்னாலும் குரல்ல பிடிப்பில்ல. மறுபடி பின்சீட்டு. மறுபடி அந்தத் தலையணை. இது ஹைபிரிட் மாதிரி கூட இல்ல, சுத்தமா ஊமை. மேடேறினாலும் ஒண்ணுமில்ல. என் வளையல் சத்தம் எனக்கே கேக்குது. ஷாஜகான் எச்சில் முழுங்கறது கேக்குது. "சார், இதுல கிளச், கியர், ஒண்ணும் கிடையாது. ஒரே பெடல். மிதிச்சாப் போகும், காலை எடுத்தா தானா வேகம் குறைஞ்சு நின்னுரும்." கிளச் இல்ல. அந்த வார்த்தையில நான் ஒரு நிமிசம் நின்னுட்டேன். நானும் லைசென்ஸ் எடுத்தவதான், மிருதுளா காலேஜ் சேந்த வருஷம். நல்லாத்தான் ஓட்டினேன். காந்திபுரத்துப் பாலத்து மேல ஏறறப்ப கிளச்சை விட்டு வண்டி நின்னுருச்சு, பின்னால டவுன் பஸ்ஸு காதைக் கிழிக்குது, ஒருத்தன் எட்டிப் பாத்து "வீட்டுல சோறாக்க வேண்டியதுதானே"ன்னான். படுபாவி. அவன் சட்டை நிறம் கூட இன்னும் ஞாபகம் இருக்குது. அதோட ஸ்கூட்டரே போதும்னு விட்டுட்டேன். ஸ்கூட்டர்ல இந்த ஊரையே சுத்தறேன், உக்கடம் மார்க்கெட்டுக்குள்ள புகுந்து வெளிய வர்றேன், எவனும் எதுவும் சொன்னதில்ல. இதுல நின்னு போறதுக்கு கிளச்சே இல்லையாமே. அட வசந்தாமணி, இதுக்குத்தான் எலக்ட்ரிக்கா! இத்தனை நாளா இவருக்காகன்னு சொல்லிட்டு, உள்ளுக்குள்ள இது ஒளிஞ்சுக்கிட்டு இருந்துச்சா. எனக்கே வெக்கமாப் போச்சு. அந்த நெனப்பை அமுக்கி வெச்சேன். இடது பக்கத்துல ஒரு ஆட்டோ. "ஆட்டோக்காரரு பூ மாலையெல்லாம் போட்டு வெச்சிருக்காரு பாருங்க"ன்னு மெதுவாச் சொன்னேன். மெதுவாச் சொன்னதுகூட ஊருக்கே கேக்கற மாதிரி இருந்துச்சு. "மேடம் ரொம்ப நல்லா வேடிக்கை பாக்கறீங்க"ன்னு ஷாஜகான் சிரிச்சாரு. இந்த வண்டியில எதையும் ஒளிக்க முடியாது. இனி நான் சொல்ற ஒவ்வொண்ணும் பக்கத்துல இருக்கறவங்களுக்கெல்லாம் கேக்கும், மிருதுளாவுக்கு, சம்மந்திக்கு, யாரு ஏறினாலும்.

அதே லெஃப்ட். இண்டிகேட்டர் டிக்கு டிக்குங்குது, வண்டியிலயே அது ஒண்ணுதான் சத்தம், கண்ணாஸ்பத்திரியில இவரு அழுத்தின பட்டன் மாதிரியே. "அப்புறம்?"னாரு. நான் வாயைத் திறந்தேன். வார்த்தை வரலை. வேணும்னு செஞ்சனா? சத்தியமா எனக்குத் தெரியலை. இப்பச் சொன்னா திரும்பிருவாரு, திரும்பிட்டு நல்லபடியா ஷோரூம் போயிருவோம், கையெழுத்துப் போட்டுருவோம், அப்புறம் என் ஆயுசு முழுக்க நான் பேக்கரிக் கூட்டத்தையும் துப்பட்டாவையும் சொல்லிட்டே வரோணும், ஒரு நாள் காய்ச்சல்ல படுத்துட்டா? ஒரு நாள் செத்துப் போயிட்டா? சொல்லு, சொல்லு, ஏதாவது சொல்லு. டிக்கு டிக்கு. திரும்பிருவாரோன்னு சீட்டைப் புடிச்சுக்கிட்டேன். வண்டி திரும்பலை. காலை எடுத்துட்டாரு, வேகம் குறைஞ்சுது, அப்படியே நின்னுருச்சு. அப்பத்தான் பாக்கறேன், இடது பக்கத்துல ஒரு பொம்பளை, ஒரு கையில கீரைக்கட்டு, ஒரு கையில போனு, நடைபாதையை விட்டு இறங்கி எங்க வண்டிக்கு முன்னாலயே குறுக்க நடக்கறா. வண்டிச் சத்தம் கேட்டாத்தானே திரும்பிப் பாப்பா. பின்னால ஹாரன் அடிக்கறானுங்க. ஷாஜகான் திரையில எதையோ தட்டிக்கிட்டே, "லெஃப்ட் ஃப்ரீதான் சார், போலாம்"னாரு. கீரைக்காரி அப்பத்தான் முன் விளக்கைத் தாண்டறா. இவரு நகரலை. ரெண்டு கையும் ஸ்டியரிங் மேல. "இருங்க தம்பி"ன்னாரு. "அவ சொல்லோணும்."

அவ சொல்லோணும். என் நெஞ்சுக்குள்ள என்னமோ அறுந்து விழுந்துச்சு. தெரிஞ்சுதான் கேட்டுட்டு இருந்திருக்காரு. அத்தனை நாளும், ஒவ்வொரு திருப்பத்துலயும். ஷாஜகான் நிமிந்து பாத்தாரு, அப்பத்தான் கீரைக்காரி அவரு கண்ணுக்கும் பட்டா, "ஐயோ"ன்னாரு. இவரு ரோட்டையே பாத்துக்கிட்டு நிதானமாச் சொன்னாரு, மோட்டார் விலை சொல்ற குரல்ல, "எனக்கு இந்தப் பக்கத்துக் கண்ணு தெரியாதுங்க தம்பி. அவதான் பாத்துச் சொல்லுவா. அவ சொல்லாம நான் திருப்பறதில்ல." ஹாரன் அடிச்சவன் வலது பக்கமா ஒடிச்சுத் திட்டிக்கிட்டே போனான். "ஏன் வசந்தா சொல்லலை?"ன்னாரு. "சொல்ல முடியலீங்க"ன்னேன், குரல் உடைஞ்சு போச்சு, அழுதுட்டேன், மூணாம் மனுசன் இருக்காரேன்னு கூட இல்லாம மூக்கைச் சீந்தி அழுதேன். "தெரிஞ்சுட்டே எதுக்குங்க என்னை இப்படிப் பாடாப் படுத்தினீங்க?" "ரேடியோவை எதுக்கு அணைச்சேன்னு நெனச்ச? காதாவது வேணுமல்ல"ன்னாரு. கோவமாத்தான் சொன்னாரு. கோவமாச் சொல்லிட்டு, வண்டியை ஓரமா, அந்தப் பக்கம் யாரும் இல்லைன்னு நான் ஒரு வார்த்தை சொன்னதுக்கு அப்புறம், மெதுவா ஒதுக்கி நிறுத்தினாரு. பெல்ட்டைக் கழட்டினாரு. கழட்டற கையைப் பாத்தேன், கொக்கி எங்க இருக்குதுன்னு தடவிக்கிட்டே இருந்தாரு, இடது பக்கத்துலதானே இருக்குது. "தம்பி, ரூலுன்னீங்க. நீங்க சித்த நேரம் பின்னால வர முடியுங்களா? இவகிட்ட லைசென்ஸ் இருக்குது." ஷாஜகான் என்னைப் பாத்தாரு, அவரைப் பாத்தாரு. "மானேஜர்கிட்ட நான் பேசிக்கறனுங்க சார்"ன்னு இறங்கிக் கதவைப் புடிச்சுக்கிட்டு நின்னாரு.

ஓட்டற சீட்டுல உக்காந்தேன். சீட்டு இவரு சூட்டுல இருந்துச்சு. கண்ணாடியெல்லாம் அவரு உசரத்துக்கு இருந்துச்சு, வானத்தைக் காட்டுது, எனக்குத் தோதா இறக்கி வெச்சேன். அவரு இடது பக்கத்துல, என் இடத்துல, காலை எங்க வெக்கறதுன்னு தெரியாம உக்காந்திருந்தாரு. இத்தனை வருஷத்துல அந்த மனுசனை அந்த இடத்துல நான் பாத்ததே இல்ல. என்னமோ சின்ன ஆளாத் தெரிஞ்சாரு. எனக்குத் தாங்கலை. "வேணாமுங்க, நீங்களே"ன்னு ஆரம்பிச்சேன். "மிதி"ன்னாரு. மிதிச்சேன். போச்சு. உதறலை, நிக்கலை, பின்னால எவனும் கத்தலை. காலை எடுத்தா நிக்குது, மிதிச்சாப் போகுது, அட இவ்வளவுதானா! உள்ரோட்டுல மெதுவாப் போனேன், வேகத்தடையில ஏத்தி இறக்கினேன், பால் வண்டிக்கு ஒதுங்கிக் குடுத்தேன். கை வேர்த்துச்சு, ஆனா பயத்துல இல்ல. பின்னால இருந்து ஷாஜகான், தொண்டையைக் கனைச்சுக்கிட்டு, "அப்ப, சார், எது முடிவு பண்றீங்க, ஹைபிரிட்டா எலக்ட்ரிக்கா?"ன்னாரு. பழக்கம், பாவம், சாரைத்தான் கேப்பாரு. இவரு சன்னலுக்கு வெளிய பாத்துக்கிட்டே இருந்தாரு. பழனி ரோடு கண்ணுல ஓடியிருக்கும், உடுமலையில புளிய மரத்து நெழல் ஓடியிருக்கும். தாடை ஒரு தடவை இறுகி விட்டுச்சு. "என்னைக் கேக்காதீங்க தம்பி"ன்னாரு. "ஓட்டறவங்களைக் கேளுங்க."

"இதுதானுங்க"ன்னேன். என் குரல் எனக்கே புதுசா இருந்துச்சு. அதுக்கு மேல பேச நேரமில்ல, ஷோரூமுக்குப் போற திருப்பம் வந்துருச்சு, லெஃப்ட்டு. கண்ணாடியில பாத்தேன், தெரியத்தான் தெரியுது, ரோடு காலியாத்தான் இருந்துச்சு, நானே திருப்பியிருக்கலாம். இண்டிகேட்டரைப் போட்டேன். காலை எடுத்தேன், வண்டி நின்னுச்சு. அவரு பக்கம் பாக்காம, ரோட்டையே பாத்துக்கிட்டு, "அப்புறம்?"னேன். அவரு சட்டைக் காலரு கழுத்தை இறுக்கற அளவுக்கு, முழுசா, அந்த ஒத்தைக் கண்ணு ரோட்டோரம் பூராவும் படற அளவுக்குக் கழுத்தைத் திருப்பினாரு. "வெள்ளரிக்கா வண்டி ஒண்ணு நிக்குது"ன்னாரு. "பக்கத்துல ரெண்டு பொம்பளைங்க. ஒருத்தி மொளகாப்பொடி இன்னும் போடுங்கறா, இன்னொருத்தி போதுங்கறா." கொஞ்சம் நிறுத்திட்டு, இன்னும் எட்டிப் பாத்தாரு. "சேலை கூட ரெண்டு பேருக்கும் ஒரே கலரு வசந்தா. அக்கா தங்கச்சியா இருக்கும்."